மூத்த வீட்டுச் சாடியும் நான்காண்டு வேதியியலும்

உலகத்துப் பொருள் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று ஆராயும் வேதியியல், பல நாடுகளில் பல அறிஞர்களால் பாடுபட்டு வளர்க்கப்பட்டு, கடைசியில் தன் உண்மையான பயனை அடைந்தது வட கியோங்சாங் மாகாணத்தில், மூங்கோல் கிராமத்தில், பியோ வம்சத்தின் மூத்த வீட்டில்தான். அந்தக் காலை அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுவது முறை. ஏனென்றால் பிற்பாடு அதைப் பற்றி அதிகம் பேசியவர்கள் எல்லாரும் அங்கே இல்லாதவர்கள்.

வம்சத் தலைவர் பியோ சோக்கியுன் இருந்தார். குதிரைமயிர்த் தொப்பியும் வெள்ளை அங்கியும் முதுகும் நிமிர்ந்த நிலையில். அவர் மனைவி மாலிம் இருந்தாள். தேகு நகரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகன் இன்சுவும், அவன் மனைவி ஹியோசுக்கும், அவர்களுடைய ஒரே மகள் யேரினும் இருந்தார்கள். யேரின் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இளநிலைப் பட்டத்தின் நான்காம் ஆண்டில் இருந்தாள். இரண்டாம் கிளையின் சார்பில் சோக்கியுனின் ஒன்றுவிட்ட தம்பி சோக்பில், அவர் மனைவி ஓக்ரான். இவர்கள் உயிரோடு இருந்தவர்கள். முன்வரிசையில் நான்கு தலைமுறை முன்னோர், அவரவர் பெயர்ப் பலகையாக வீற்றிருந்தார்கள். வெளியே, முற்றத்து மேடையில், எல்லாம் காதில் விழும் தூரத்தில், சாடி இருந்தது.

சாடிக்குள் இருந்தது மூத்த வீட்டின் மூலச் சோயா சாஸ். இருநூறு ஆண்டுகளாக அது ஒருநாளும் காலியானதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் புது சாஸ் செய்து பழையதோடு சேர்ப்பார்கள். உறைமோர் பாலை மாற்றுவதுபோல, பழையது புதியதைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். போர் வந்தபோது அந்த வீட்டார் பொன்னை விட்டுவிட்டு இந்தச் சாஸைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். பொன் இருந்ததா என்பது வேறு விஷயம்.

மூத்த வீட்டு ஆண்கள் சாடி மேடைப் பக்கம் போவதில்லை. போனால் சாஸ் கெட்டுவிடும் என்பது ஐதீகம். போனால் ஏதாவது வேலை சொல்வார்கள் என்பது காரணம். சாஸை உண்டாக்குவது, கிளறுவது, வெயில் காட்டுவது, மழைக்கு மூடுவது எல்லாம் பெண்களின் பொறுப்பு. அதைப் பற்றிப் பெருமைப்படுவது என்ற கடினமான பொறுப்பை ஆண்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சோக்கியுன் அதில் ஒரு நாளும் ஓய்வெடுத்ததில்லை. மாவட்டத் தலைவர் வந்தால் ஒரு சின்னப் பீங்கான் குப்பியில் மூலச் சாஸ். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு குப்பி. பல் வைத்தியருக்கு ஒன்று. வழியில் நின்றுபோன காரைத் தள்ளிவிட்டவருக்கும் ஒன்று. "இருநூறு வருஷம். சும்மா இல்ல, பாத்து வைங்க," என்று சொல்லிக் கொடுப்பார். உள்ளே திரும்பி, "இன்னொரு குப்பி," என்பார். குப்பி வரும்.

சோக்பிலின் அறுபதாம் பிறந்தநாளுக்கும் ஒரு குப்பி போயிற்று. அவர் அதைத் திறக்கவே இல்லை என்று செய்தி வந்தபோது, மூத்த வீடு அதை அவமரியாதையாகக் குறித்துக்கொண்டது.

இப்படிப்பட்ட வீட்டின் பேத்தி வேதியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது சோக்கியுன் மூன்று வேளை பேசாமல் இருந்தார். சட்டம் படித்திருந்தால் நீதிபதி என்று சொல்லிக்கொள்ளலாம். மருத்துவம் என்றால் சொல்லவே வேண்டாம். வேதியியலை என்னவென்று முன்னோருக்கு அறிவிப்பது? பியோ வீட்டில் ஒருவர் தேர்வில் வென்றாலோ பதவி ஏற்றாலோ முன்னோர் மண்டபத்தில் நின்று அதை வாசித்து அறிவிக்க வேண்டும். பொய்யோ பூசி மெழுகலோ அங்கே கூடாது. ஆகவே பேத்தி என்ன படிக்கிறாள் என்பதைத் தலைவர் தானே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருநாளுக்கும் யேரின் ஊருக்கு வரும்போது விசாரணை நடந்தது.

"முதல் வருஷம் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"கண்ணாடிப் பாத்திரம் கழுவ, தாத்தா."

"அதுக்கு எதுக்கு பல்கலைக்கழகம்? உங்க பாட்டி பள்ளிக்கூட வாசல மிதிக்காமலே கழுவறா."

"சாதாரணமா கழுவினா போதாது. அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணில மூணு தடவை அலசணும்."

"நான் நாலு தடவை அலசறேன்," என்றாள் மாலிம் அடுப்படியிலிருந்து. "பட்டமளிப்பு எப்பன்னு கேட்டுச் சொல்லு."

"அப்புறம் அளக்கக் கத்துக்கிட்டோம் தாத்தா. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்துலயும் அதுல எவ்வளவு தப்பு இருக்கலாம்னு எழுதணும். தப்பு எவ்வளவுன்னு தெரியாத அளவு, அளவே இல்லைம்பாங்க."

சோக்கியுன் இதைச் சற்று யோசித்தார். "மத்தவங்களுக்கு நல்ல பாடம்," என்றார். "நம்ம வீட்டுக்கு அது தேவைப்படாது."

இரண்டாம் ஆண்டில் அவள் தாள் நிறைய அறுகோணங்களாக வரைந்துகொண்டு வந்தாள். ஒரு அறுகோணத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்த அம்புகள். அம்பு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்பதுதான் கரிம வேதியியல் தேர்வு என்றாள். வகுப்பில் பாதிப் பேர் அந்த அம்பில் அடிபட்டு அடுத்த ஆண்டு திரும்ப எழுதுகிறார்களாம். கூடவே வெப்பத்தைப் பற்றி ஒரு பாடம்.

"அதுல ஒரு விதி இருக்கு தாத்தா. சும்மா விட்டா எல்லாமே ஒழுங்கு கெட்டுக்கிட்டேதான் போகும்."

சோக்கியுன் ஜன்னல் வழியாக இரண்டாம் கிளையின் வீட்டுக் கூரையைப் பார்த்தார். "இதை நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். யாரும் பட்டம் குடுக்கல."

மூன்றாம் ஆண்டில் அவர் முகம் தெளிந்தது. எலக்ட்ரான் இங்கேதான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, இருக்க வாய்ப்புண்டு என்றுதான் சொல்ல முடியும் என்று யேரின் விளக்கியதும், "உங்கப்பன் பட்டாளத்துல இருந்தப்ப அவன் எழுதின கடுதாசியும் அப்படித்தான் இருக்கும்," என்று ஒத்துக்கொண்டார். இன்சு சூப்பைக் குடித்துக்கொண்டே இருந்தான். ஆனால் தலைவரை உண்மையில் கவர்ந்தது பகுப்பாய்வுப் பாடம்.

"ஒரு கலவைய நீளமான, மெல்லிசான குழாய்க்குள்ள விடுவோம் தாத்தா. உள்ள போகும்போது எல்லாம் ஒண்ணா கலந்திருக்கும். வெளிய வரும்போது ஒவ்வொண்ணும் தன் தன் குணத்துக்கேத்த மாதிரி தனித்தனியா, வரிசையா வரும். யார் யார் உள்ள இருந்தாங்கன்னு தெரிஞ்சிடும்."

"வரிசையாவா?"

"வரிசை மாறவே மாறாது."

"இது வம்சாவளி," என்றார் சோக்கியுன்.  "நம்ம பெரியவங்க குழாயில்லாம செஞ்சாங்க."

"அதோட நோட்டுல எழுதினத அழிக்கக் கூடாது தாத்தா. தப்பா எழுதிட்டாலும் மேல ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்து. அடியில என்ன இருந்துச்சுன்னு படிக்க முடியணும்."

"இத்தனை நாளா ஏன் இதைச் சொல்லல? இது கனவான்களோட படிப்பு."

அன்றிலிருந்து அவர் வேதியியலின் மானத்தைக் காக்கத் தொடங்கினார். முடிதிருத்தும் கடையில் யாரோ வேதியியல் என்றால் உரத் தொழிற்சாலைதானே என்று கேட்டதற்கு, பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் கல் வந்தது. மூங்கோலின் நுழைவாயிலில், 'இருநூறாண்டு மூலச் சாஸ் காக்கும் பியோ மூத்த வீடு' என்று செதுக்கிய கல் ஒன்றை நடுவதற்கு மாவட்ட அலுவலகம் சம்மதித்தது. வம்சச் சங்கம் ஒரு வரி ஒப்புதல் கொடுத்தால் போதும். சங்கத்தின் செயலர் சோக்பில்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லண்ணே," என்றார் சோக்பில் சங்கக் கூட்டத்தில். "ஆனா கல்லுல எழுதினா அழிக்க முடியாது. இருநூறு வருஷம்னு நாம சொல்றோம். சாஸ் என்ன சொல்லுது?"

"சாஸ் பேசாதுப்பா. அதோட தரம் அப்படி."

"பேச வைக்கத்தான் உங்க வீட்ல ஒரு பொண்ணு நாலு வருஷமா படிக்குதே. அது சோதிச்சுச் சொல்லட்டும். நான் அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

எதிரி தன் கையாலேயே வெற்றியைக் கொண்டுவந்து மடியில் வைத்ததாகச் சோக்கியுன் நினைத்தார். அந்த மகிழ்ச்சியில் கல்லை அன்றே செதுக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு முடிவும் எடுத்தார். அதை மூத்த வீட்டுத் தலைவர் ஒருவர்தான் எடுக்க முடியும். சோதனையின் முடிவு முதலில் முன்னோருக்கே அறிவிக்கப்படும். அவர்கள் கேட்பதற்கு முன் வேறு யாரும் கேட்கக் கூடாது. தான் உட்பட.

"அந்தப் பொண்ணு வேற எதையாவது சோதிக்கட்டுமே," என்றாள் மாலிம். "கிணத்துத் தண்ணி இருக்கு. மாத்திரை இருக்கு."

"கிணத்துக்கு யாரும் கல் நடல."

மாலிம் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேடைக்குப் போய், யேரின் நீட்டிய சின்னப் புட்டியை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவு வேண்டாம் பாட்டி. சில துளி போதும்."

"எடுத்துக்கோ. இது நெறைய இருக்கு."

இலையுதிர் காலத்தில், அறிவிப்புச் சடங்குக்கு முந்திய நாள் மாலை, யேரின் ஊருக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அதைப் பக்தி என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

"தாத்தா, அந்தச் சோதனையப் பத்தி..."

"நாளைக்கு."

"இல்ல தாத்தா, இன்னிக்கே சொன்னா நல்லது."

"முன்னோருக்கு முன்னாடி நான் கேட்டா அது எச்சில் பண்டத்தப் படைக்கிற மாதிரி. நாளைக்கு."

"கொஞ்சம் கூடவா கேக்க மாட்டீங்க?"

"ஒரு சொட்டு கூட."

அவள் அப்பாவிடம் போனாள். இன்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு மறுநாள் தேகுவில் அவசர வேலை இருப்பதாக நினைவுக்குக் கொண்டுவந்தான். ஹியோசுக் கார்ச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

காலையில் மேலே சொன்ன எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள். பெண்கள் உள்ளே நிற்பது வழக்கமில்லை. ஆனால் வேதியியலை முன்னிட்டு அன்று வழக்கம் தளர்த்தப்பட்டது. சோக்கியுன் மண்டியிட்டு, தானே எழுதிய அறிக்கையை இழுத்து இழுத்து ராகத்தோடு வாசித்தார்.

"எங்கள் பெருமதிப்பிற்குரிய முன்னோர்களே, உங்கள் வழிவந்த யேரின் என்பவள் முதலாம் ஆண்டில் பாத்திரங்களைத் தூய்மை செய்தாள். தன் பிழைகளைத் தானே அளக்கக் கற்றாள். இரண்டாம் ஆண்டில் அம்புகளின் வழியையும், உலகம் ஒழுங்கு கெடுவதன் விதியையும் அறிந்தாள். மூன்றாம் ஆண்டில் இருப்பது இன்ன இடம் என்று சொல்ல முடியாதவற்றைப் பற்றிப் பயின்று, கலந்தவற்றை வரிசைப்படுத்தும் கலையில் தேர்ந்தாள். நான்காம் ஆண்டில், நீங்கள் அருளிய இருநூறாண்டு மூலச் சாஸைச் சோதித்து, அதன் உண்மையை உங்கள் திருமுன் உரைக்க வந்திருக்கிறாள். உரைப்பாளாக."

யேரின் முன்னால் வந்து இரண்டு முறை விழுந்து வணங்கினாள். 

"சொல்லும்மா," என்றார் சோக்கியுன். "சத்தமா. பின்னாடி இரண்டாம் கிளைக்கும் கேக்கட்டும்."

"அதுல லெவுலினிக் அமிலம் இருக்கு, தாத்தா."

சோக்கியுன் மெதுவாகத் தலையசைத்தார். பெயரே கம்பீரமாக இருந்தது. "எவ்வளவு இருக்கு?"

"நெறைய."

"நெறைய இருக்காம்," என்று அவர் முன்னோருக்கு அறிவித்தார். பிறகு சோக்பில் பக்கம் பாதி திரும்பினார். "உங்க வீட்டு சாஸ்ல இருக்காப்பா?"

"இருக்கும்ணே," என்றார் சோக்பில். "நாங்க கடையில வாங்கறோம்."

 யேரின் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள். "பூஞ்சை பிடிச்சு, வருஷக்கணக்குல புளிச்சு வர்ற சாஸ்ல அது வராது தாத்தா. தொழிற்சாலையில சோயாவ ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டுக் கொதிக்க வச்சு, சில நாள்லயே சாஸ் எடுப்பாங்க. அதுலதான் வரும். நான் மூணு தடவை பண்ணினேன். பேராசிரியர் ஒரு தடவை பண்ணினார். சாடியில இருக்கிறதுல பெரும்பகுதி கடைச் சாஸ்."

சோக்கியுனின் தொப்பி ஆடவில்லை. அவருக்குள் வேதியியல் மீதான மதிப்பு முழுவதும் ஒரு நொடியில் ஆவியாயிற்று. "பாத்திரம் சரியா கழுவல," என்றார்.

"மூணு தடவை அலசினேன்."

"உங்க பாட்டி நாலு தடவை அலசுவா."

"தப்பு எவ்வளவு இருக்கலாம்னும் கணக்கு போட்டிருக்கேன் தாத்தா. ரொம்பக் கொஞ்சம்தான்."

"அப்ப சோதனையே நடக்கலன்னு வச்சுக்குவோம். நோட்டுல அதை அழிச்சிடு."

 கனவான்களின் படிப்பு என்று சொன்னவரை யேரின் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். நான்கு தலைமுறைப் பெயர்ப் பலகைகளும் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

அப்போது மாலிம் எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, பலகைகளைப் பார்த்துப் பேசினாள். "பொண்ணு சொல்றது சரி. இவரு என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல. அதனால நான் சொல்லல."

"என்ன உளர்ற?"

"உளறலங்க. மாவட்டத் தலைவருக்கு ஒரு குப்பி. அவரு டிரைவருக்கு ஒரு குப்பி. தொலைக்காட்சிக்காரங்க ஒரு வண்டி நெறைய வந்தாங்க, ஆளுக்கு ஒரு குப்பி. அப்புறம் பல்லு. அப்புறம் காரு. உள்ள திரும்பி 'இன்னொரு குப்பி'ம்பீங்க. வசந்தத்துக்கு ஒரு தடவை ஊத்தற சாடி அது, ஆத்தோட போற தண்ணியில்ல. ஒருநாள் அகப்பைய விட்டேன், அடி தட்டுச்சு. அன்னிக்கும் உங்களுக்கு ஒரு விருந்தாளி."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"விருந்தாளிக்கு முன்னாடியா? நம்ம மானம் என்ன ஆகறது?"

அந்தக் கேள்விக்கு வம்சத்தின் இருநூறாண்டு வரலாற்றில் விடை இல்லை. மாலிம் தொடர்ந்தாள். "சந்தைக்குப் போய் ஒரு பெரிய டின் வாங்கி ஊத்தினேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம். எங்க கையால செஞ்சதும் ஊத்தினோம்தான். ஆனா நீங்க குடுக்கிற வேகத்துக்கு எங்க ரெண்டு பேர் கை போதல." ஹியோசுக் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டின்னைத் தூக்கி வந்தது யார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

சோக்பில் வெற்றி பெற்றிருந்தார். ஆனால் கல்லில் செதுக்கியிருந்தது பியோ என்ற பெயர். அது அவர் பெயரும்தான். தலைநகரில் இருக்கும் தன் சம்பந்தி வீட்டாரிடம் அந்தச் சாஸைப் பற்றி அவரும் நிறையச் சொல்லியிருந்தார். ஆகவே அவர் முகத்தில் சிரிப்பு வர மறுத்தது.

"அப்ப எல்லாம் போச்சா?" என்றார்.

"எல்லாம் ஏன் போகணும்?" என்றாள் ஓக்ரான். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. "நம்ம வீட்ல ஒரு குப்பி இருக்கே. உங்க அறுபதுக்கு வந்தது. இருமல் மருந்துக்குப் பின்னால."

"சும்மா இரு," என்றார் சோக்பில்.

"நீங்கதானே, அண்ணன் குடுத்ததத் தொடவே மாட்டேன்னு மூடிய மெழுகு போட்டு அடைச்சீங்க?"

யேரினின் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. "சின்னத் தாத்தா, அதுல ஒரு சொட்டு குடுங்க."

அடுத்த வாரம் அந்த ஒரு சொட்டு குழாய்க்குள் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் தத்தம் குணத்துக்கேற்ப வரிசையாக வெளியே வந்தார்கள். அந்த அமிலம் வரவே இல்லை. மாலிம் டின் வாங்கத் தொடங்குவதற்கு முன்பே போன குப்பி அது. யேரின் தொலைபேசியில் சொன்ன செய்தியைச் சோக்கியுன் நின்றுகொண்டே கேட்டார்.

"இது எல்லாக் கேள்விக்கும் விடை இல்ல தாத்தா. எத்தனை வருஷம் பழசுன்னு என்னால சொல்ல முடியாது. தொழிற்சாலையில செஞ்சது இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"இருநூறு?"

"அது நீங்க சொல்றது. சோதனை சொல்றது இல்ல."

மூத்த வீட்டில் இப்போது இருந்த ஒரே கேள்வி, குப்பியை யார் போய் வாங்கி வருவது என்பது. இரண்டாம் கிளையின் வாசலில் மூத்த வீட்டுத் தலைவர் எதையும் கேட்டு நின்றதாக வம்சாவளியில் எங்கும் இல்லை. இன்சுவை அனுப்பலாம் என்றார் சோக்கியுன். இன்சு எங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியவில்லை, இருக்க வாய்ப்புள்ள இடங்கள்தான் தெரிந்தன.

"குடுத்தது நீங்க," என்றாள் மாலிம். "திரும்ப வாங்கறதும் நீங்களே. நான் கடையில வாங்கினேன், போதும்."

சோக்கியுன் தொப்பியும் அங்கியும் அணிந்துகொண்டு போனார். சோக்பில் குப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். சோக்கியுன் இரண்டு கையாலும் வாங்கினார்.  கிளம்பும்போது, "மெழுகு நல்லா போட்டிருக்கப்பா," என்றார் சோக்கியுன்.

சாடியைக் கழுவினார்கள். மாலிம் நான்கு தடவை அலசினாள். யேரின் ஐந்தாவது தடவை. பிறகு மாலிம் மேடையிலிருந்து இறங்கி, "ஊத்துங்க," என்றாள். ஆண்கள் மேடை ஏறக் கூடாதே என்றார் சோக்கியுன். ஏறினால் கெட்டுப்போவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். ஒரு குப்பி சாஸ், அவ்வளவு பெரிய சாடியின் அடியில் போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. வசந்தத்தில் அதன்மேல் புது சாஸ் ஊற்ற வேண்டும். அதுவரை வெயில் வந்தால் திறக்கவும் மழை வந்தால் மூடவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சோக்கியுன்தான் என்று ஆயிற்று; அவருக்கு முழங்கால் வலி இருந்ததால் மேடைக்கு ஒரு படி தேவைப்பட்டது. செதுக்கிய கல் தயாராக இருந்தது. எழுத்து கீழே இருக்கும்படி அதைப் போட்டார்கள். கால் வைக்க வாகாக இருக்கிறது.

முன்னோருக்கு வாசித்த அறிக்கையைச் சோக்கியுன் கிழிக்கவில்லை. 'இருநூறாண்டு' என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, மண்டபத்தில் வைத்தார். அடியில் என்ன இருந்தது என்று இன்றும் படிக்க முடியும். யேரினுக்குப் பட்டம் கிடைத்தது.

மூங்கோலில் இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. மாலிம் பல ஆண்டுகள் கடைச் சாஸைப் படைத்து முன்னோரை ஏமாற்றினாள் என்கிறார்கள். அது தவறு. முன்னோர் அதைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொரு சடங்கும் முடிந்ததும் படையலில் முதல் வாய் எடுத்து, கண்ணை மூடி, "இருநூறு வருஷத்து ருசி," என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான்; அவர் பெயர் மேலே சொன்ன ஆட்களின் வரிசையில் முதலில் இருக்கிறது.